பரிசோதனைக்கு எடுத்து வந்த பால்சுறா

மரக்காணத்தில் வலை கரையேறும்போது நான் மரப்பெட்டியோடு நிற்பேன். மீனை வாங்கி, வயிற்றைக் கிழிக்காமல், உப்புப் படாமல், ஐஸும் மரத்தூளும் போட்டு மூடி, பஸ்ஸில் திண்டிவனம் வந்து, ரயிலில் மதராசுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஆய்வுக்கூடத்தில் அதை எரித்துச் சாம்பலாக்கி, கதிர்வீச்சு உண்டா என்று கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். பசிபிக் தீவுகளில் அணுகுண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த விஷம் நம் கடல் மீனிலும் ஏறிவிட்டதா என்பதுதான் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். "மீனு தூக்கறதுக்கா பி.எஸ்ஸி. படிச்சே?" என்பாள் அம்மா.

ஒருநாள் பஸ் வழியில் நின்றுவிட, ரயிலைத் தவறவிட்டேன். திண்டிவனத்தில் ஐஸ் கிடைக்கவில்லை. பெட்டியை அதே ஊரில் இருந்த எங்கள் வீட்டில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, விழுப்புரம் போய் ஐஸ் வாங்கி வந்தேன். வாசலிலேயே பூண்டு வாசனை அடித்தது. பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது.

"தண்ணி ஒழுகிக்கினு இருந்துதுடா. தொறந்து பாத்தா பால்சுறா! புள்ளை பெத்தவ வூட்ல இருக்கச்சொல்ல, அதைப் போய் மதராசுக்கா தூக்கிக்கினு போவே? பால் ஊறும்னு புட்டு பண்ணிக் குடுத்துட்டேன்," என்றாள் அம்மா.

உள்ளே, பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வழித்துச் சாப்பிட்ட தட்டு.

அந்த வகை விஷம் புல்லிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும் போகும் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். இங்கே மாட்டின் இடத்தில் அக்கா.

"அக்கா, கொழந்தையை எடுத்துடு."

சொன்ன பிறகு விஷயத்தை மறைக்க முடியவில்லை. அம்மா கத்தினாள்: "மீனு துன்னா சாவாங்களா? அப்போ மரக்காணத்துல ஒருத்தன் உசுரோட இருக்கமாட்டான்! படிச்ச படிப்புல பேஜாரு பண்ணிக்கினு வந்துட்டான்."

அக்கா சத்தம் போடவில்லை. "தம்பி, நீ படிச்சவன். குடுக்கலாமா, கூடாதா? ஒண்ணு சொல்லு."

தெரியாது. எனக்கு அதுதான் தெரிந்தது. "நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் வேணாம்கா, ஆட்டுப்பால் குடு," என்றேன்.

சுறாவின் தலையையும் குடலையும் அம்மா முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தாள். தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, புது ஐஸில் வைத்து அடுத்த ரயிலில் ஏறினேன். வண்டி மேல்மருவத்தூர் தாண்டும்போதும் குழந்தை அழுவது காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ஆய்வுக்கூடத்து ஐயா திட்டவில்லை. மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை எரித்தார். கருவி டக், டக் என்று எண்ணத் தொடங்கியது. ஒவ்வொரு டக்கும் அந்தக் குழந்தையின் வாய்க்குள் போவதுபோல இருந்தது.

"எப்பவும் இருக்கிற அளவுதான்பா," என்றார்.

"அப்ப, இருக்குதுங்களா சார்?"

"எல்லாத்துலயும் இயற்கையா கொஞ்சம் இருக்கும். உப்புல, வாழைப்பழத்துல, உன் உடம்புலகூட. போய் உங்க அக்காவைப் பால் கொடுக்கச் சொல்லு."

திரும்பி வந்தபோது அக்காவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது. ஆட்டுப்பாலைக் குடிக்காத குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிப்போயிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடுக்கலாம்கா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"உன் கொழந்தையா இருந்தா?"

"குடுக்கச் சொல்லுவேன்."

வார்த்தை வந்துவிட்டது. எரித்துப் பார்த்தது தலையையும் குடலையும்தானே, அவள் தின்ற சதையை இல்லையே என்று ஒரு எண்ணம் அப்போதுதான் எழுந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். அக்கா குழந்தையை வாரி எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. அது மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூங்கிப்போனது. நான் குனிந்து, மூச்சு வருகிறதா என்று அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.