பெரிய வெள்ளியும் பல் கம்பியும்

பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கம்பி மக்கர் பண்ணுவதென்றால் டாக்டர் ஊரில் இருக்கிற நாளாகப் பார்த்துப் பண்ணாது. எனக்கு அது பெரிய வெள்ளிக்கிழமை அன்று பண்ணியது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டில் எங்கள் வீடு. முன்பக்கம் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடை, பின்பக்கம் அப்பா, அம்மா, நான். சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனாலும் அதைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம்தான் வருவார்கள். அவர் உள்ளே கருகிப்போன கம்பிச்சுருளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுப்பார்.

என் மேல்வரிசைப் பல் உதட்டைத் தாண்டி நிற்கும். அதற்காக எனக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இப்போதும் கோபம் வரும். கல்லூரியில் சேர்ந்த கையோடு, கம்பி போட்டே தீருவேன் என்று சாப்பிடாமல் கிடந்து சாதித்தேன். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் உட்காருவார். இடம் வேண்டும் என்று நாலு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்பியே போட்டார். முறுக்கு கூடாது, கடலைமிட்டாய் கூடாது, கரும்பு கூடாது, எலும்பு கடிக்கக் கூடாது என்றார். "திண்டுக்கல்ல இருந்துக்கிட்டு பிரியாணில எலும்பக் கடிக்கக் கூடாதுன்னா எப்பிடி டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு சின்ன டப்பாவில் மெழுகு கொடுத்தார். கம்பி எங்கேயாவது குத்தினால் அதில் கொஞ்சம் உருட்டி அந்த இடத்தில் அப்பிக்கொள்ள வேண்டுமாம்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. அதனால் எலும்பால் எனக்கு ஆபத்து வரவில்லை. வறுத்த பட்டாணியால் வந்தது. பெரிய வியாழன் சாயங்காலப் பூசை முடிந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு பொட்டலம் வாங்கி அசட்டையாக மென்றேன். கடைவாயில் 'டிக்' என்று ஒரு சத்தம். கடைசிப் பல்லில் ஒட்டியிருந்த சின்ன இரும்பு வளையம் கழன்று நாக்கில் வந்து விழுந்தது. அதற்குள் சொருகியிருந்த கம்பியின் நுனி தன்னந்தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. அப்போது வலி ஒன்றும் இல்லை. திட்டு விழுமே என்று வீட்டில் மூச்சு விடாமல் படுத்துவிட்டேன்.

விடிந்தபோது கம்பி நுனி கன்னத்தின் உள்சதைக்குள் இறங்கியிருந்தது. தூக்கத்தில் அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன் போல. வாயைத் திறந்தால் சதையைக் கிழித்தது, மூடினால் இன்னும் உள்ளே போனது. பாதி திறந்த வாயோடு, எச்சிலும் ரத்தமும் வழிய, அம்மாவின் முன்னால் போய் நின்றேன். பேச வரவில்லை. விரலால் காட்டினேன்.

அப்பா காலையிலேயே கோவிலுக்குப் போயிருந்தார். அம்மா முதலில் டாக்டர் கொடுத்த மெழுகைத் தேடினாள். டப்பா காலியாக இருந்தது. வீட்டில் மாதா சுரூபம் வைத்திருக்கும் பீடத்துப் பக்கம் ஓடி, கோவிலில் மந்திரித்த மெழுகுவர்த்தியைக் கிள்ளி உருட்டிக்கொண்டு வந்தாள். அது வாய்க்குள் போனதும் உதிர்ந்து நாக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு பென்சிலின் ரப்பர் முனையால் கம்பியை மடக்கப் பார்த்தாள். மடங்கின மாதிரி மடங்கி, விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளி வந்து குத்தியது. கடைசியில் நகவெட்டியை எடுத்தாள். கம்பி அறுபடவில்லை, வளைந்து இன்னும் ஆழமாக இறங்கியது. நான் அவள் கையைத் தட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதாலும் வலித்தது.

டாக்டரின் மதுரை நம்பருக்குப் போன் செய்தோம். அங்கே வேலை பார்க்கும் பெண்தான் எடுத்தாள்.

"டாக்டர் லீவும்மா. குடும்பத்தோட கொடைக்கானல் போயிருக்காரு. திங்கக்கெழம வந்துருவாரு."

"வாயத் தொறக்க முடியாமத் துடிக்கிறாம்மா. கம்பி கன்னத்துக்குள்ள போயிருச்சு" என்றாள் அம்மா.

"அப்ப நீட்டிக்கிட்டு இருக்கறத மட்டும் நல்ல கட்டர் வச்சு நறுக்கி விட்ருங்கம்மா. துண்டு தொண்டைக்குள்ள போயிராம உள்ள பஞ்சு வச்சுக்கங்க. உப்புத்தண்ணில கொப்புளிக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பயமில்ல."

அந்த டாக்டர் அந்நேரம் கொடைரோடு தாண்டி மலையேறி, குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருப்பார். அவரை மனசுக்குள் என்னென்ன திட்டினேனோ, பெரிய வெள்ளிக்கிழமையில் அதெல்லாம் பாவக்கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்கும் போனோம். விடுமுறை என்று பல் பிரிவு பூட்டியிருந்தது. டியூட்டியில் இருந்தவர் வலி மாத்திரை கொடுத்துவிட்டு, இது நாங்கள் கைவைக்கிற விஷயம் இல்லை என்றார். மாத்திரையை விழுங்குவதே பெரும் பாடாக இருந்தது. பக்கத்து லாரி மெக்கானிக்கிடம் அம்மா கெஞ்சினாள். அவர் என் வாயை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "வயசுப்புள்ள வாயிக்குள்ள கையை வைக்க நம்மால ஏலாதும்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இத்தனைக்கும் நல்ல கட்டர் எங்கள் வீட்டிலேயே இருந்தது. நுனி சிறுத்த கட்டிங் பிளேயர்கள் அப்பாவிடம் நாலைந்து உண்டு. ஆனால் அவை பெட்டிக்குள் இருந்தன. பெரிய வியாழன் மதியமே அப்பா எல்லாக் கருவியையும் மண்ணெண்ணெயில் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புப் பூசை முடிந்துதான் எடுப்பார். பெரிய வெள்ளியன்று ஆணியும் சுத்தியும் குறடும் தொடக்கூடாது, ஆண்டவரை அறைந்தது அதை வைத்துத்தான் என்பது எங்கள் பக்கத்தில் பலர் வீட்டில் உள்ள வழக்கம். மற்றவர்கள் அவசரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்கள். அப்பா இருக்க மாட்டார். அன்றைக்குக் கரண்டு போனால் ஃபியூஸ்கூட மாற்ற மாட்டார்.

சாவி என் கண்ணெதிரே இருந்தது. நான் எழுந்து போய் அதை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை அப்படி இறுகி நான் பார்த்ததே இல்லை.

"வேணாண்டி. அப்பா வரட்டும்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பெற்ற பிள்ளை ரத்தம் கக்கிக்கொண்டு நிற்கிறது, இவர்களுக்கு ஒரு குறடுதான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். இப்படியே சீழ் பிடித்துச் செத்துப்போவேன் என்றுகூட நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது வலது கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போயிருந்த அப்பா உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். மூன்று மணி வழிபாட்டுக்கு மறுபடி போக வேண்டும். சாயங்காலம் ஆசந்தி பவனியில், ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திய பாடையை, வருடா வருடம் முன்வரிசையில் தோள் கொடுத்துத் தூக்குகிறவர் அவர். அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம விடியக்காலம் வெட்டி விட்டுர்றேன் தாயி. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, பல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டார்.

நான் சாவியை அவர் காலடியில் வீசினேன். குளறிக் குளறிச் சொன்னேன். "உங்க சாமி கேட்டுச்சா? எம் மக சாகட்டும், நீ குறட்டத் தொடாதன்னு உங்க சாமி கேட்டுச்சா?"

 அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். அதுவரை என்னிடம் யாரும் சொல்லாத கதை அது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பெரிய வெள்ளி. அப்போது அப்பா மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். பயிர் காய்கிறது என்று ஒரு விவசாயி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டதால், கோவிலுக்குப் போகாமல் மோட்டாரைப் பிரித்துப்போட்டு வேலை செய்திருக்கிறார். கம்பி வெட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் அலறல் கேட்டிருக்கிறது. காய்ச்சல் கொதித்து எனக்கு வலிப்பு வந்து, கண் மேலே சொருகிவிட்டது. கையில் இருந்த பிளேயரோடேயே ஓடிவந்து என்னைத் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பிழைப்பது கஷ்டம் என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த வராந்தாவில் முழங்காலில் நின்று அப்பா பொருத்தனை செய்துகொண்டார். இந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடு, என் காலத்துக்கும் பெரிய வெள்ளி முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை இரும்பைத் தொட மாட்டேன் என்று. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டிருக்கிறது.

"ஒன் உசுருக்குப் பேசுன பேச்சுடி அது" என்றாள் அம்மா. "அத எப்பிடி நான் ஒடைப்பேன்? அவருதான் எப்பிடி ஒடைப்பாரு?"

எனக்கு அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. அவர்கள் இருவரும் காலையிலிருந்து எதற்குப் பயந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனால் புரிந்ததால் வலி குறையவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வாயிலிருந்து ரத்த எச்சில் தாவணியில் சொட்டியது. "முடியலப்பா" என்று மட்டும் சொன்னேன்.

 அப்பா குனிந்து சாவியை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. இருப்பதிலேயே சின்ன பிளேயரைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போடச் சொன்னார். அது கொதிக்கிற நேரம் முழுக்க அடுப்படி வாசலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா டார்ச் அடித்தாள். அப்பா என் நாக்குக்கு மேல் பஞ்சை வைத்து, இடதுகை விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தார். தினமும் தாமிரக் கம்பியைப் பேசிக்கொண்டே வெட்டுகிறவர், என் வாய்க்குள் விட்ட பிளேயரை இரண்டு தடவை வெளியே எடுத்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை கம்பியைப் பல்லை ஒட்டிப் பிடித்து நறுக்கினார். மண்டைக்குள் இடி இறங்கியது போல ஒரு அதிர்ச்சி. அறுபட்ட துண்டைச் சதையிலிருந்து உருவிப் பஞ்சோடு வெளியே எடுத்தார். அரை அரிசி நீளம்கூட இருக்காது. என்னால் வாயை மூட முடிந்தது. அந்தச் சுகத்துக்கு நான் மறுபடி அழுதேன்.

அப்பா அன்று மூன்று மணி வழிபாட்டுக்குப் போகவில்லை. சிலுவையை முத்தமிடப் போகவில்லை. ஆசந்தி தூக்க ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

புண்ணில் சீழ் வைத்ததால் வந்த காய்ச்சல்தான். தெருமுனை டாக்டர் அதைத்தான் சொன்னார், மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஆனால் தெர்மாமீட்டரைப் பார்த்தபோது அப்பாவின் முகம் போன போக்கை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கருவிகளையெல்லாம் பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கோவில் வாசலில் வைத்துவிட்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். "அப்பறம் எத வச்சுப் பொழைக்கிறது?" என்றாள் அம்மா. சனிக்கிழமை பூராவும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குக் கஞ்சி ஊட்டும்போது மட்டும் வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை என்ன கொடுத்துப் பேரம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்போது வேர்த்துக் காய்ச்சல் விட்டது. திங்கட்கிழமை மதுரைக்கே போனோம். டாக்டர் வளையத்தைத் திரும்ப ஒட்டி, பட்டாணிக்காக என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அடுத்த வருடக் கடைசியில் கம்பியைக் கழற்றினார்கள். பல் வரிசையாக, பார்க்க லட்சணமாக வந்துவிட்டது. அதைக் காட்டிச் சிரித்துத்தான் கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி வெளியூர் வந்த பிறகு, ஒவ்வொரு பெரிய வெள்ளியும் உச்சிப்பொழுது தாண்டியதும் அப்பாவிடமிருந்து போன் வரும். மாப்பிள்ளையைக் கேட்க மாட்டார், பிள்ளைகளைக் கேட்க மாட்டார்.

"மேலு சுடுதா தாயி?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

"தொட்டுப் பாத்துச் சொல்லு."

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுவேன். அவர் மறுநாள் காலையிலும் ஒருமுறை கூப்பிடுவார்.