முதல் விருப்பம்

திண்டிவனத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். கல்லூரி விண்ணப்பக் காலத்தில் மயிலம் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாக வந்தார். வெளுத்த காக்கிச் சட்டை, நரைத்த தாடி. எந்தக் காகிதத்தைத் தொடுவதற்கு முன்பும் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

மகள் எழுதிக்கொடுத்த சீட்டில் பொது பி.காம் முதல் விருப்பம், பி.காம் லாஜிஸ்டிக்ஸ் இரண்டாவது.

"ரெண்டுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

"பொது பி.காம்னா இங்கயே ஏதாவது ஆபீஸ்ல வேலை பாக்கலாம். லாஜிஸ்டிக்ஸ்னா சரக்கு அனுப்புற வேலை. சென்னை ஹார்பர், ஏர்போர்ட்டுன்னு போவணும்."

திரையில் இருந்த மகளின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப லாஜிஸ்டிக்ஸையே முதல்ல போடுங்க. அவங்கம்மா செத்ததுலேர்ந்து எனக்குச் சோறாக்கிக்கினு கெடக்குது. நான் ஒண்டியா கெடப்பேன்னுதான் இப்படி எழுதியிருக்குது."

"பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாங்களா?"

"கேட்டா வேணாம்னுதாங்க சொல்லும்."

மாற்றிப் போட்டேன். பிரிண்டை வாங்கியவர், மகளின் சீட்டையும் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒவ்வொரு விண்ணப்பக் காலத்திலும் அவர் நினைவுக்கு வருகிறார். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே பொது பி.காம்தான் பிடித்திருந்ததோ என்னவோ. அவளை அவர் கேட்கவில்லை. அவள் போன் நம்பர் எதிரே திரையிலேயே இருந்தும், நானும் கேட்கவில்லை.