வால்வு செட்டும் கடைசி பெஞ்சும்

சூடேறும் தூசிக்கென்று ஒரு மணம் உண்டு. பல மாதம் பரண்மேல் கிடந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்துச் சூடாக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அதுதான். தாராவியில் எங்கள் சபைக் கோயிலின் பின்னறையில் இருந்த 'வால்வு செட்' என்ற பழைய ஒலிபெருக்கிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் முதலில் அந்த மணம் வரும், பிறகு உள்ளேயிருந்த கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகக் கனியும், அதற்கும் பிறகுதான் சத்தம் வரும். பத்து வயதில் நான் பார்த்த பொருள்களிலேயே அழகானது எதுவென்று யாராவது கேட்டிருந்தால், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைச் சொல்லியிருக்க மாட்டேன், அந்தக் குழல்களைத்தான் சொல்லியிருப்பேன்.

அழகெல்லாம் பார்க்கத்தான். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய அந்தச் சாம்பல்நிற இரும்புப் பெட்டி, மைக்கில் பேசுகிறவர் எவராயிருந்தாலும் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிறவராக மாற்றிவிடும். பேச்சுக்கு அடியில் எந்நேரமும் 'ங்ங்ங்' என்று ஒரு வண்டு பறந்துகொண்டிருக்கும். மூடப்பட்ட ஏதோ சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது என்று சிலரும், கப்பலில் வந்தது என்று சிலரும் சொல்வார்கள். எங்கிருந்து வந்திருந்தாலும் போகவேண்டிய இடம் 'பங்கார்' கடைதான் என்று, அதாவது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புது டிரான்சிஸ்டர் செட் வாங்குவதென்று, அந்த வருஷம் சபைக் கமிட்டியில் முடிவு செய்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் என் சித்தி எழுந்து நின்றாள். என் அம்மாவின் தங்கை ராணி. அப்போது கல்யாணமாகாமல் எங்களோடு ஒரே அறையில் இருந்தாள். செம்பூர்ப் பக்கத்தில் ரேடியோ செய்யும் ஃபேக்டரி ஒன்றில் வேலை. வேலை என்றால், வரிசையாக நகர்ந்து வரும் சர்க்யூட் அட்டைகளில் அதே ஆறு இடங்களில் ஈயம் பற்றவைத்து அடுத்த பெண்ணிடம் தள்ளிவிடுவது. எட்டு வருஷமாக அதே ஆறு இடங்கள். முழு ரேடியோ எப்படிப் பாடுகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளே உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போலிருக்கிறது.

"ஒரு மாசம் எங்கிட்டக் குடுங்க ஐயா. சரியாவலன்னா நானே பங்காருக்குத் தூக்கிக் குடுக்கேன்" என்றாள்.

கமிட்டிப் பெரியவர் ஒருவர், "இது கரண்டு சமாச்சாரம் தாயி, சமையல் இல்ல" என்றார்.

"ஃபேக்டரில எட்டு வருசமா நான் என்ன, குழம்பா வச்சேன்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பெரியவரும்தான். ஒரு மாதம் கிடைத்தது.

சனிக்கிழமை மதியம் ஃபேக்டரி விட்டதும் சித்தி நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவாள். பெட்டியைத் திருப்பவும் தூக்கவும் ஒரு ஆள் வேண்டுமே என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இரும்புத் தகடுகளைச் சுத்தியலால் அடித்துச் சேர்ப்பது அவருடைய தொழில். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது நிறையப் பேசுவாராம், கோயிலில் ஞானப்பாட்டுகளைக் கனத்த குரலில் பாடுவாராம். எனக்கு நினைவு தெரிந்த அப்பா அப்படியில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். கோயிலில் கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்து, சில வாரங்களில் பிரசங்கம் தொடங்குமுன்பே வெளியேறிவிடுவார். "அவியளுக்கு வயசு ஏற ஏற வீம்பும் ஏறிட்டு" என்று அம்மா சொல்வாள். கணக்கில் நான் வாங்கிய மார்க்குதான் காரணம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதல் சனிக்கிழமை சித்தி பெட்டியின் மூடியைக் கழற்றியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செட்டை அணைத்து வயரை உருவிய பிறகும் அவள் உடனே கைவைக்கவில்லை; பிடியில் ரப்பர் சுற்றிய திருப்புளியை ஓரிடத்தில் வைத்தாள். 'டப்' என்று நீலப் பொறி பறந்தது. "அணைச்சாலும் உள்ள தங்கியிருக்கும்ட்டி. தெரியாமத் தொட்டா ஆளத் தூக்கிரும்" என்றாள். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த மஞ்சளேறிய படத்தை ஒரு நோட்டில் பார்த்து வரைந்துகொண்டு போனாள். ஃபேக்டரியில் டெஸ்டிங் பிரிவிலிருந்த மராட்டிப் பெண் ஒருத்தி, சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோடுகளுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொடுத்தாளாம். அடுத்த வாரம் குர்லாவின் உதிரிச் சாமான் கடைகளில் தேடிப் பிடித்த, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய 'கண்டன்சர்' ஒன்றைப் பழையதற்குப் பதிலாக வைத்துப் பற்றவைத்தாள். சுவிட்சைப் போட்டோம். மணம் வந்தது, குழல்கள் கனிந்தன. வண்டு இல்லை. செட் ஓடும்போது அவ்வளவு பெரிய கோயில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் அறிந்ததில்லை. வெளியே தொண்ணூறடி ரோட்டில் பஸ் போகும் சத்தம் அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே கேட்டது.

வண்டு போயிற்று, அண்டா போகவில்லை. யாராவது பேச வேண்டும், யாராவது தூரத்திலிருந்து கேட்டுச் சொல்ல வேண்டும். சித்தி என்னை மைக் முன்னால் நிறுத்தினாள். அப்பாவைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து என் பழைய சிலேட்டைக் கையில் கொடுத்து, "அத்தான், இவ சொல்லுத வார்த்தய அப்பிடியே எழுதுங்க" என்று கையால் எழுதிக் காட்டிச் சொன்னாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தங்கையா தாத்தா விளக்குமாற்றோடு அவர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

நான் யானை என்றேன், வண்டி என்றேன், மாம்பழம் என்றேன். பிறகு கத்தி, பசி, சோப்பு. சித்தி பின்வரிசைக்கு நடந்துபோய்ச் சிலேட்டைப் பார்த்தாள். யானை, வண்டி, மாம்பழம் சரியாக இருந்தன. கத்தி 'கட்டி'யாகவும், பசி 'பதி'யாகவும், சோப்பு 'தோப்பா'கவும் இருந்தன. நான் சிரித்தேன்.

"செட்டுதான் சரியில்ல" என்று சித்தி திரும்ப வந்து எதையோ மாற்றினாள். மறுபடி சொன்னேன். மறுபடி கட்டி, பதி, தோப்பு. மூன்றாம் முறையும் அப்படியே வந்தபோது தங்கையா தாத்தா பொறுக்கமாட்டாமல், "என்னப்பா எழுதுத? பிள்ள தெளிவா சோப்புன்னுல்லா சொல்லுது" என்றார். அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அப்பாவுக்கு நாற்பத்திரண்டு. அப்பா தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலேட்டைக் கையால் அழித்தார்.

சித்தி கையில் திருப்புளியோடு நடுவழியில் அப்படியே நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியும் மாம்பழமும் அப்பாவுக்குக் கேட்கின்றன; ச, த போன்ற மெல்லிய சத்தங்கள் பிரிந்து கேட்கவில்லை. இருபது வருஷச் சுத்தியல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போயிருக்கிறது. நாங்கள் பேசுவதெல்லாம் ஓட்டை விழுந்த சொற்களாக அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, அவரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக அன்று நான் நினைக்கவில்லை. மார்க்கு காரணமில்லை என்பது மட்டும் புரிந்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் சித்தி அம்மாவிடம் சொன்னாள். அம்மா குடத்தை நிரம்பி வழியவிட்டு அப்படியே நின்றாள். மறுநாளிலிருந்து அப்பாவிடம் பேசுமுன் அவர் தோளைத் தொட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு சித்தி அந்தச் செட்டை ஊருக்காகச் சரிசெய்யவில்லை, கடைசி பெஞ்சின் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்தாள். கனத்த சத்தத்தை உள்ளே விடுகிற கண்டன்சரை எடுத்துவிட்டு அதைவிடச் சிறியதை வைத்தாள், அண்டா மெலிந்தது. கடைசி சனிக்கிழமையன்று, சத்தம் கூர்மையாகக் குத்தக்கூடாதென்று செய்தவர்களே வைத்திருந்த சுண்டுவிரல் நுனியளவு சாமான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். "இதுதான்ட்டி மெல்லிசு சத்தத்த எல்லாம் முழுங்குது" என்று குறடால் அதன் காலை வெட்டினாள். செட்டைப் போட்டு நான் சோப்பு என்றேன். அந்த 'சோ' பாத்திரத்தில் தண்ணீர் விழுந்ததுபோலக் கோயிலெங்கும் தெறித்தது. என் வாயிலிருந்தா அது வந்தது என்று திகைத்து நின்றேன். கடைசி பெஞ்சில் அப்பா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துச் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கி எங்களுக்குக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்துத் தெரியவில்லை. அவர் சிரித்தது தெரிந்தது.

மறுநாள், ஆராதனையில் பிள்ளைகள் முன்னின்று பங்கெடுக்கும் 'பிள்ளைகள் ஞாயிறு'. வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் கோயிலில் ஜெபம் முடிந்து 'ஆமென்' சொல்லும்போது முன்வரிசைகள் சொல்லி முடித்த பிறகுதான் பின்வரிசையிலிருந்து இன்னொரு ஆமென் வரும். துறைமுகத்து ஆட்களுக்கு எல்லாவற்றிலும் சோம்பல் என்று பெண்கள் கேலி செய்வார்கள். அன்று நான் வாசித்து முடித்தேன், போதகர் ஜெபித்தார், ஆமென் வந்தது. ஒரே ஆமென். அப்பாவிடமிருந்து மட்டுமல்ல, பின்வரிசையின் இரண்டு பெஞ்சுகளிலிருந்த சுத்தியல்காரர்கள், கொதிகலன்காரர்கள் பத்துப் பதினைந்து பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில் கனமாகக் கிளம்பி, முன்வரிசைகளின் முதுகில் வந்து மோதியது. பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. போதகர் அடுத்த வரிக்குப் போகாமல் ஒரு நொடி பின்னால் பார்த்தார். அந்த மனிதர்கள் இத்தனை வருஷமாக முன்னால் இருப்பவர்களின் முதுகைப் பார்த்தே ஆமென் சொல்லி வந்திருக்கிறார்கள். தெய்வத்தைப் பற்றிக் கேட்டதெல்லாவற்றையும்விட அந்த ஒரு சத்தம்தான் அந்த வயதில் என்னை மண்டியிட வைத்தது.

ஆராதனை முடிந்ததும் 'கொயர்' மாஸ்டர் சித்தியிடம் சண்டைக்கு வந்தார்: "எங்க பாட்டு தகரத்துல ஆணி கீறுன மாதிரி இருக்கும்மா, பழையபடி ஆக்கிரு." அவர் சொன்னதும் நியாயம்தான். சித்தி அடுத்த வாரம் பெட்டியின் முதுகில் ஒரு சுவிட்சை வைத்தாள்; ஒரு பக்கம் தள்ளினால் பழைய கண்டன்சர்கள், மறுபக்கம் தள்ளினால் புதிது. நகப்பூச்சால் ஒருபக்கம் 'பாட்டு' என்றும் மறுபக்கம் 'பேச்சு' என்றும் எழுதினாள். பங்கார் பேச்சு பிறகு எழவே இல்லை.

அந்தப் பிள்ளைகள் ஞாயிறன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா என் தலையில் லேசாகக் குட்டினார். "ஏட்டி, மூணாவது வரில ஒரு வார்த்தய முழுங்கிட்ட" என்றார். அதுபோல ஒரு திட்டு அதற்கு முன்பும் பின்பும் எனக்குக் கிடைத்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். பழைய கோயிலை இடித்து இரண்டு மாடியாகக் கட்டிவிட்டார்கள். சுவருக்குள் பதித்த ஒலிபெருக்கிகளிலிருந்து சத்தம் குறையில்லாமல் எல்லாப் பக்கமும் வருகிறது. இடித்தபோது அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டறையை மூடி வெகுகாலம் ஆயிற்று. பின்வரிசை ஆட்களில் யாரும் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் கல்யாணுக்கும் வசாய்க்கும் குடிபோய், அந்த பெஞ்சுகளில் இளைஞர்கள் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சித்தி அம்பர்நாத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் போனில் சொன்னேன். நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்றும் சொன்னேன்.

"என்னத்தப் பெரிய காரியம் மக்கா. அத்தானுக்குக் காது கேக்கலன்னு, ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, அத்தன வருசமா நாம ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலயே" என்றாள்.