வேண்டாம், வேண்டாம், சரி தாங்கோ

யுத்தம் முடிந்த அந்தக் கோடையில் நான் ஒரு 'வேண்டாம்' சொன்னேன். அவ்வளவு வீணாய்ப்போன வேண்டாம் என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சொன்ன இடம், இணையத்தில் கட்டைப் பைத்தியங்கள் கூடும் ஒரு தளம். சொன்ன நேரம், என் கூரைக்குத் தேவையான கருஞ்சிவப்புக் கட்டைகள் முழுவதையும் ஒரு மனிதர் சும்மா தருகிறேன் என்று எழுதிய நேரம்.

கட்டை என்றால், இந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் காலில் குத்துமே, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைதான். நாங்கள் விபோர்க் என்ற டேனிஷ் ஊரில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு வயது நாற்பத்தாறு, முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளைகள் இருவரும் மீசையும் கைத்தொலைபேசியுமாக வளர்ந்துவிட்டார்கள் (மீசை மகனுக்கு). ஒரு சனிக்கிழமை அவர்களுடைய பழைய கட்டைப் பெட்டியைப் பழைய சாமான் சந்தைக்குக் கொடுக்கலாம் என்று இறக்கினேன். கொடுக்கும் முன் இரண்டைப் பொருத்திப் பார்ப்போமே என்று தரையில் குந்தினேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்தபோது மூன்றாவது சுவரில் இருந்தேன்.

"என்னப்பா இது? பேரப்பிள்ளை காணுற வயசில விசர் வேலை" என்றார் கணவர்.

"பேரப்பிள்ளை வரேக்க வரட்டும். அதுவரைக்கும் நான் விளையாடுறன்."

மகள் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதன் சாரம், அம்மாவுக்கு முற்றிவிட்டது என்பதுதான். அவள் சொன்னதிலும் பிழையில்லை. ஏனென்றால் அந்த மாதங்களில் எனக்கு ஒரு வியாதி இருந்தது: சிரிப்பு. வேலையிடத்தில் ஒரு கிழவர் தன் பல்செட்டை என் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தேடினார், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பஸ் பிந்தினால் சிரிப்பு, பால் பொங்கி வழிந்தால் சிரிப்பு. அது பயம். எனக்கு அது தெரியும். என் அக்கா வன்னியில் இருந்தாள். கலியாணம் கட்டாமல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். மாசியில் கடைசியாகக் கதைத்தாள். வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று உலகம் முழுக்கச் சொன்னார்கள். அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அழத் தொடங்கினால் நிற்காது என்று நினைத்தேனோ என்னவோ, கட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடியையே கட்டத் தொடங்கினேன்.

அந்தத் தளத்தை எனக்குக் காட்டித் தந்தவன் மகன். பெயர், முகம் ஒன்றும் கிடையாது. எல்லாருக்கும் ஒரு புனைபெயர், ஒரு சின்னப் படம். அங்கே இருந்தவர்களின் தாராளத்தைப் பார்த்து முதலில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஒருவருக்கு நீல ஜன்னல் இல்லை என்று எழுதினால் போதும், மூன்றாம் நாள் தபாலில் நீல ஜன்னல் வந்து நிற்கும். அனுப்பியவர் யார் என்றும் தெரியாது. இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று திட்டிக்கொண்டே நானும் இரண்டு பேருக்கு மஞ்சள் கதவு அனுப்பினேன்.

புரட்டாதியில் விபோர்க்கில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் எங்கள் தளத்தின் கண்காட்சி. ஆளுக்கொரு கட்டடம் கட்டிக் கொண்டுவந்து, மேசைகளைச் சேர்த்து ஒரு பட்டினமாக வைப்பதென்று ஏற்பாடு. என் அடுக்குமாடி கிட்டத்தட்ட முடிந்திருந்தது. நான்கு மாடி, முன்பக்கம் திறந்தது, உள்ளே அடுப்பும் மேசையுமாகக் குசினி, கட்டில், கழுவும் இயந்திரம் எல்லாம் தெரியும். பல்கனியில் இடுப்பில் சாரம் கட்டிய ஒரு கட்டை மனிதன். "என்னை ஏன் குளிரில வெளியில விட்டிருக்கிறாய்?" என்று கணவர் கேட்டார். கூரைதான் இல்லை. அந்தக் கருஞ்சிவப்புச் சாய்வுக் கட்டைகளை இப்போது செய்வதில்லை. கடையில் இல்லை, சந்தையில் இல்லை. தளத்தில் எழுதினேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது. எழுதியவர் ஒடென்சேயில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய படமே ஒரு பஸ், ஆகவே எனக்கு அவர் பஸ்காரர். ஒரு வாளி நிறையக் கருஞ்சிவப்பு இருக்கிறது, உனக்கு அனுப்பவா என்று கேட்டிருந்தார்.

என் இதயம் துள்ளி வாய்க்கு வந்தது. ஆனால் வளர்த்த வளர்ப்பு விடுமா? நான் எழுதினேன்: "ஐயோ வேண்டாம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?" எழுதிவிட்டு, அவர் வற்புறுத்துவார் என்று தேநீர் போடப் போனேன். எங்களில் யாராவது முதல் தரத்திலேயே 'ஓம்' சொல்வார்களா? வீட்டுக்கு வந்தவர் 'இப்பதான் சாப்பிட்டனான்' என்பார், நாங்கள் 'சும்மா ஒரு வாய்' என்போம், அவர் 'ஐயோ வயித்தில இடமில்லை' என்பார், நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிடுவோம், அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவார். இதில் என் அக்கா சாம்பியன். ஒரு வடைக்காக அவள் ஒரு முழுப் பந்தியையே நிறுத்தி வைத்திருக்கிறாள்.

தேநீரோடு திரும்பி வந்து பார்த்தால் பஸ்காரர் எழுதியிருந்தார்: "சரி. வேறு யாருக்காவது வேண்டுமா?" அதன் கீழே ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒருவர்: "எனக்கு! நன்றி!" அதன் கீழே பஸ்காரர்: "நாளை அனுப்புகிறேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் கதிரையிலிருந்து வழுக்கி விழும்வரை சிரித்தார். "வெள்ளைக்காரனிட்டப் போய் உபசாரம் பார்த்தனியே! அவங்கள் வேண்டாமெண்டா வேண்டாமெண்டுதான் நினைப்பாங்கள்." எனக்குக் கோபம். பஸ்காரரில் கோபம், ஹ்விடோவ்ரேக்காரரில் கோபம், என்னை இப்படி வளர்த்த முழு யாழ்ப்பாணத்திலும் கோபம்.

இரண்டு நாள் பொருமிவிட்டு பஸ்காரருக்குத் தனிமடல் எழுதினேன். ஐயா, எங்கள் ஆட்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு, முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாம் வேண்டாம் சோதனைக்கு, மூன்றாம் தரமும் வேண்டாம் என்றால்தான் உண்மையில் வேண்டாம், நீங்கள் முதலாவதிலேயே பஸ்ஸை எடுத்துவிட்டீர்கள், நான் தரிப்பிடத்திலேயே நிற்கிறேன்.

அவர் அதை வாசித்துவிட்டு என்னிடம் அனுமதி கேட்டார், மூன்று தரம். பிறகு தளத்தில் பொதுவாகப் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல! அந்தத் தளமே கிறுக்குப் பிடித்து ஆடியது. ஒரு சக்கரம் வேண்டுமா என்று ஒருவர் கேட்பார், மற்றவர் "ஐயோ வேண்டாம், எனக்குச் சக்கரமே பிடிக்காது" என்பார், "ஒரே ஒரு சக்கரம்?" என்பார் இவர், "வைத்தியர் தடுத்திருக்கிறார்" என்பார் அவர், மூன்றாம் தரம் நான்கு சக்கரம் கைமாறும். நேரே 'யா தாக்', ஓம் நன்றி, என்று சொல்லி வாங்கிப் பழகிய மனிதர்கள்! ஹ்விடோவ்ரேக்காரர் எனக்கு எழுதினார்: உன் கூரை என்னிடம் இருக்கிறது, அனுப்பவா? வேண்டாம் என்றேன். அனுப்பவா? உங்களுக்கு ஏன் சிரமம் என்றேன். அனுப்பவா? விசைப்பலகை உடையும் அளவுக்கு 'ஓம்' அடித்தேன்.

வாளி வந்து சேர்ந்தது. வெறும் வாளியைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு முடியுமா? முறுக்குச் சுட்டு நிரப்பி அனுப்பினேன். அதற்கு அவர் ஒரு பெட்டி பிளாஸ்டிக் மரங்கள் அனுப்பினார். நான் பயித்தம் பணியாரம் அனுப்பினேன். தபால்காரர் எங்கள் வாசலில் நின்று பொதிகளைப் பார்த்து, இங்கே என்ன தொழில் நடக்கிறது என்று கேட்டார்.

கூரை போட்டு முடித்து, படம் எடுத்துத் தளத்தில் ஏற்றினேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பஸ்காரர் குசினியைப் பார்த்திருக்கிறார். தனிமடல் வந்தது: "உங்கள் வீட்டில் நான்கு பேர் என்று சொன்னாய். மேசையைச் சுற்றி ஐந்து கதிரை இருக்கிறதே. ஐந்தாவது யாருக்கு?"

ஒருவருக்குமில்லை, ஒரு கதிரை மிஞ்சிவிட்டது என்று எழுதினேன்.

"யாருக்கு?" என்று திரும்ப எழுதினார்.

வடிவுக்கு வைத்தேன், உங்களுக்குக் கண் கூர்மைதான் என்று எழுதினேன்.

"மூன்றாம் தரம் கேட்கிறேன். யாருக்கு?"

நான் பட்ட பாட்டைப் பாருங்கள், என் விதியை நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதிலேயே மாட்டிக்கொண்டேன். முதலில் சிரித்தேன். பிறகு அக்காவைப் பற்றி எழுதினேன். வேலையிடத்தில்கூட நான் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு பஸ்காரருக்கு டேனிஷில் எழுத்துப் பிழைகளோடு எழுதினேன். எழுதி முடித்தபோது சட்டையின் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. மாசிக்குப் பிறகு அன்றுதான் அழுதேன்.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையைக் கழற்றாதே என்றார். தொலைபேசியை எப்போதும் மின்னேற்றி வை, கண்காட்சிக்கு வரும்போது ஒரு மின்னேற்றி கொண்டுவருகிறேன், எந்த மாதிரித் தொலைபேசி என்றார்.

கண்காட்சி நாளில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆள் நல்ல உயரம், முதுகில் பை, கையில் மின்னேற்றி, அதற்கு ஐந்து மீற்றர் நீட்டு வயர். என் அடுக்குமாடிக்குப் பின்னால் தரையில் முழந்தாளிட்டு வயரை இழுத்து, என் தொலைபேசியைச் செருகிக் கூரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கைகுலுக்கினார். கோப்பி மேசையில் வளர்ந்த மனிதர்கள் ஒருவரையொருவர் மும்மூன்று தரம் உபசரித்து, வேண்டாம் வேண்டாம் என்று நெஞ்சில் கைவைத்து நடித்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் வயிறு நொந்தது.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. தெரியாத நீள இலக்கம்.

"நான்தான்" என்றது குரல்.

அக்கா. வவுனியா முகாமிலிருந்து, யாருடையதோ தொலைபேசியில். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கனநேரம் கதைக்க ஏலாது என்றாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது ஞாபகமிருக்கிறது. பிறகு எனக்கு மூச்சு வந்து கேட்டேன்:

"அக்கா, என்ன அனுப்ப? என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாமடி. நான் நல்லாயிருக்கிறன்."

பஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தையும் அந்த 'வேண்டாம்' வந்த வேகத்தையும் வைத்து அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு விரலைத் தூக்கினார்.

"உண்மையாச் சொல்லுங்கோ அக்கா."

"சொல்லுறன்தானே, வேண்டாம். உனக்கு ஏன் வீண் சிலவு."

இரண்டாவது விரல்.

"அக்கா, மூண்டாந்தரம் கேக்கிறன்."

அவளுக்குப் பின்னால் வரிசையில் யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"ஒரு சோடி செருப்பு" என்றாள். "இப்ப போட்டிருக்கிறது ரெண்டும் இடக்கால். ஒண்டு ஆரோ ஒராளின்ர, மற்றது வேற ஆரோ ஒராளின்ர. தண்ணிக்குப் போறன் எண்டு நேரா வெளிக்கிட்டா, வேற எங்கையோ போய் நிக்கிறன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தக் களுக்கென்ற சிரிப்பு. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசாமல், யாரோ ஒருவருடைய காசில் சிரித்துக்கொண்டே இருந்தோம், இணைப்பு அறும்வரை.

அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பஸ்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார், இதைத் தளத்தில் எழுதவா, எங்கள் ஆட்கள் செருப்பு அனுப்புவார்கள், அக்காவுக்கும் அங்கே இருக்கும் மற்றவர்களுக்கும். கேட்டுவிட்டு இரண்டாம் தரம் கேட்க ஆயத்தமாக வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஓம்" என்றேன். முதல் தரத்திலேயே. தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

மூன்று கிழமையில் எங்கள் வீட்டு நடை முழுவதும் செருப்பு. கணவர் உள்ளே வர வழியில்லாமல் வாசலில் நின்று கத்தினார். ஒவ்வொரு சோடியிலும் இடது வலது சரிபார்த்து, நூலால் கட்டி அனுப்பியிருந்தார்கள். ஹ்விடோவ்ரேக்காரர் மட்டும் சோடியோடு, கட்டையாலேயே செய்த ஒரு குட்டிச் செருப்பும் வைத்திருந்தார், கருஞ்சிவப்பில். பொதிகளை வவுனியாவில் இருந்த உறவினர் ஒருவரின் முகவரிக்கு அனுப்பினோம். அவர் கொண்டுபோய் முகாமில் சேர்த்தார்.

அக்கா திரும்பத் தொலைபேசி எடுத்தாள். செருப்பு வந்துவிட்டது, அளவு சரி, தன் வரிசையில் எல்லாருக்கும் கிடைத்தது, இப்போது தண்ணீருக்குப் போனால் தண்ணீருக்கே போய்ச் சேர்கிறாள்.

"போதுமடி" என்றாள். "இனி எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"அது முதலாந்தரம்" என்றேன்.