போஸ்டரில் இருப்பது உங்க சொந்தமுங்களா?

மகளுக்கு எஸ்.சி. சான்றிதழ் வாங்க இன்று வி.ஏ.ஓ. ஆபீஸ் போயிருந்தேன்.

எதிரே மின்கம்பத்தில் அம்மாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போன வாரம் சர்ச்காரர்கள் ஒட்டியது. மேலே சிலுவை, கீழே ‘மரியம்மாள்’. ரேஷன் கார்டில் அம்மா கடைசிவரை மாராத்தாள்தான்.

வி.ஏ.ஓ. நல்ல மனிதர். கையெழுத்துப் போடப் போனவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, அந்தப் போஸ்டர்ல இருக்கறவங்க உங்க சாடையாவே இருக்கறாங்க. சொந்தமுங்களா?”

ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் டீக்கடையில் அம்மாவுக்குத் தனி டம்ளர்தான். ஆனால் கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்தால் சட்டப்படி எஸ்.சி. கிடையாது. மகளின் காலேஜ் சீட் அந்தக் கையெழுத்தில் இருந்தது.

“இல்லீங்க சார். யாருன்னு தெரியாதுங்க.”

“கேட்டுப்போட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போஸ்டர் பக்கம் திரும்பாமல் துடியலூர் பஸ் ஏறிவிட்டேன்.

அரசுக்கு மதம் கிடையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அப்படியென்றால், பெற்ற அம்மாவைத் தெரியாது என்று இன்று நான் யாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.