காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு கார்ட்டூன்

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி கார்ட்டூன் படம் பார்க்கக் கல்யாண வீட்டிலிருந்து களவாக ஓடினாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஓடினவள் நான்தான்.

அந்த யப்பானிய இயக்குநரின் படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். எண்பது தாண்டிய மனிதர், இன்னமும் குழந்தைகளுக்காகக் கையால் ஒவ்வொரு சித்திரமாகக் கீறிப் படம் எடுக்கிறார். அவர் படத்தில் யாராவது முட்டை பொரித்தால் எனக்குப் பசிக்கும், மழை பெய்தால் குடை தேடுவேன். புதிய படம் எங்கள் ஊர் ஸ்காபரோவில் ஒரேயொரு கிழமை, ஏழே நாள்தான் ஓடியது. இதுதான் தன் கடைசிப் படம் என்று வேறு அறிவித்துவிட்டார். அந்தக் கிழமை பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கல்யாண வேலை. எனக்கு மிஞ்சியது ஞாயிறு பன்னிரண்டரைக் காட்சி ஒன்றுதான். முகூர்த்தமும் அதே ஞாயிறு.

மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அக்கா, கல்யாணப் பெண்ணின் தாய். அவர் ஒரு பார்வை பார்த்தால் நெடுஞ்சாலையில் லொறியும் பிறேக் போடும். "உந்த வயசிலை உமக்குக் கார்ட்டூன் கேக்குதோ?" என்று வருஷக்கணக்காக என்னை நக்கலடிப்பவர். வெள்ளிக்கிழமை அவரே மூன்று மணித்தியாலம் காணாமல் போய், ஃபோனும் எடுக்காமல் எல்லோரையும் கலங்கடித்தார். கேட்டதற்கு, சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில் சரியான சனம் என்றார். அவரிடம் யார் மறுகேள்வி கேட்பது?

ஞாயிறு தாலி ஏறும்போது பன்னிரண்டு பத்து. அட்சதை எறிந்த கையோடு, சேலையைத் தூக்கிப் பிடித்து, பனிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மண்டபத்துப் பின்கதவால் இறங்கினேன். கார் பார்க்கிங்குக்கு அந்தப் பக்கம் தியேட்டர். படம் இரண்டரைக்கு முடியும், குடும்ப ஃபோட்டோ மூன்று மணிக்கு. அதில் நான் இல்லாவிட்டால் மச்சாள் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்.

தியேட்டர் வாசலில் ஒரே இளசுகள். பச்சைத் தலைமயிர், அட்டை வாள், முதுகில் சிறகுச் செட்டை என்று ஆளுக்கொரு வேஷம். என்னைக் கண்டதும் ஓவென்று கத்தினார்கள். காஞ்சிபுரம், ஒட்டியாணம், தலை நிறைய மல்லிகை, கீழே பனிச் சப்பாத்து! நான் என்ன வேஷம் போட்டிருக்கிறேன் என்று ஒரு பெண் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டாள். மழை அரசி என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஏழு பேர் என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். கல்யாண வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை.

படமோ, என்னத்தைச் சொல்ல! ஒரு சிறுமியின் குசினி அலுமாரிக்குள் குட்டி மேகம் ஒன்று குடியேறுகிறது. அதற்குக் கோபம் வந்தால் சோற்றுப் பானைக்குள் மழை. விழுந்து விழுந்து சிரித்தேன், சேலை முழுக்கப் பொப்கோர்ன். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபோன் துடித்தது. கணவரின் செய்தி: "எங்கை நிக்கிறீர்? ஃபோட்டோவை முந்தி எடுக்கப் போகினமாம். ஓடி வாரும்."

திரையில் மேகம் சிறுமியை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எழும்பினேன். திரும்ப இருந்தேன். மச்சாள் என்னைத் தின்றால் தின்னட்டும், முடிவு பார்க்காமல் போகமாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

படம் முடிந்து மூச்சு வாங்க மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடையில் குடும்பம் முழுக்க வரிசையில் காய்ந்துகொண்டு நிற்கிறது. நடுவில் மச்சாள் கதிரையில் இருந்து கண்மையைத் துடைப்பதும் பூசுவதுமாக இருந்தார்.

"இருவது நிமிஷமா அக்கான்ரை மை சரிவருதில்லை," என்றார் கணவர் அலுத்துப்போய்.

என்னைக் கண்டதும் மச்சாள் மைக்குச்சியை வைத்துவிட்டு எழும்பி, என்னைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். என் மல்லிகைப் பூவுக்குள்ளிருந்து ஒரு பொப்கோர்னை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே காதுக்குள் கேட்டார்: "மேகம் அலுமாரிக்குத் திரும்பி வரேக்கை அழுதனீரோ? வெள்ளிக்கிழமை நான் குழறி அழுதுபோட்டன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "மச்சாள், இதுதான் கடைசிப் படமாம்," என்றேன்.

"அந்தாள் முந்தியும் உப்பிடித்தான் சொன்னவர். அடுத்ததுக்கு ரெண்டு பேருமாப் போவம். இப்ப வாயை மூடிக்கொண்டு சிரியும்."