கறுப்புக் கோட்டு மனேச்சர்

என் மாமாவுக்கென்று சொந்தமாக ஓர் ஆங்கிலேயர் இருந்தார். மாமா அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அந்த மனிதர் பெரிய பந்தாட்டக்காரராம். முழங்கால் போய் இளவயதிலேயே ஆட்டத்தை விட்டவராம். பிறகு ஒருவருக்கும் வேண்டாத சின்னக் கழகம் ஒன்றுக்கு மனேச்சராகி, படிப்படியாக மேலேறி, பெரிய கிண்ணம் ஒன்றையே வென்றுவிட்டாராம். மாமாவுக்கும் ஊரில் விளையாடித்தான் முழங்கால் போனது. இந்த ஒரு பொருத்தம் போதாதா?

சனிக்கிழமைகளில் நோர்வே தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டம் காட்டுவார்கள். மாமா திராமனில் இருந்து ரயிலேறி ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா வைத்த தேநீர் ஆறிப்போகும். ஆங்கிலேயரின் சரித்திரம் முடியாது. அதில் மாமாவுக்குப் பிடித்த கட்டம், இறுதி ஆட்டத்தன்று அவர் தன் உயிர்ச் சிநேகிதனையே வெளியே இருத்திவிட்டு வென்றது.

“மனேச்சர் எண்டால் அப்பிடி இருக்கோணும். சொந்தம் பந்தம் பாக்கிறவன் அரிசி நிறுக்கிற சங்கக்கடைக்குத்தான் மனேச்சர்.”

அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த வருடம், நோர்வேக்கு வந்த எங்கள் ஊர் ஆட்கள் நடத்திய பந்தாட்டக் கழகம் மாமாவை மனேச்சராக்கியது. உடனே அவர் ஸ்ட்ரோம்மனுக்குப் போய், ஆங்கிலேயர் போடுவதைப் போல முழங்கால் வரை நீண்ட கறுப்புக் கோட்டு ஒன்றை மலிவு விற்பனையில் வாங்கினார். யூன் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் வியர்த்து வழிந்தார். நாய் கூட்டிக்கொண்டு போன நோர்வேக் கிழவி ஒருத்தி நின்று, சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோடைச் சுற்றுப்போட்டி என் சித்தப்பாவின் பெயரில் நடப்பது. ஊரில் எங்கள் கழகத்துக்கு ஆடிய அவர் ஷெல் விழுந்து செத்தவர். அதனால் எங்கள் கழகத்தின் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவருடைய ஏழாம் இலக்கச் சட்டையோடு அப்பாதான் முதலில் இறங்குவார். வண்டி வயிற்றைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வெளியே வருவார். தம்பிக்காக அவர் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

அந்த முறை இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டோம். அப்பா சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா அந்தச் சட்டையை எடுத்து ஒரு மாணவப் பெடியனிடம் கொடுத்தார்.

“அத்தான், இண்டைக்கு நீங்கள் இருங்கோ. அவங்கள் துவக்கத்திலைதான் கோல் அடிக்கிறவங்கள்.”

“அது என்ரை தம்பியின்ரை சட்டையடா” என்றார் அப்பா.

“கப்பும் அவன்ரை பேரிலைதானே அத்தான். எடுத்துக் காட்டுறன், பாருங்கோ.”

எடுத்தும் காட்டினார். அந்தப் பெடியன்தான் கோல் அடித்தான். மாமா முழங்காலையும் மறந்து என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். திரும்பும்போது அப்பா ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார். எங்கள் பெட்டியில் சனம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு எங்கிருந்தோ வேலை வந்து சேர்ந்தது. இலையுதிர் காலத்தில் ஆங்கிலேயரை அவருடைய கழகம் நீக்கிவிட்டது. “கப் எடுத்துக் குடுத்த மனிசனைக் கலைச்சுப் போட்டாங்களே, நன்றி கெட்டவங்கள்!” என்று செத்த வீட்டில் போல மாமா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். கேட்பதற்கு அம்மா மட்டும்தான் இருந்தார்.

அடுத்த மாதம் எங்கள் கழகத்தின் பொதுக்கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மாமா கறுப்புக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தார். பெரியவர்கள் கனநேரம் கத்தினார்கள். வென்று தந்த மனிதனை வெட்டுவதற்கு எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலேயரிடம் பாடம் படிக்கத் தேவையில்லை என்பது இன்று தெரிகிறது. அன்று நான் பின்வரிசையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். கடைசியில் தலைவர், மனேச்சரை மாற்றச் சம்மதமானவர்கள் கையை உயர்த்தச் சொன்னாராம். எனக்கு அது காதில் ஏறவில்லை.

நான் நிமிர்ந்தபோது முதலில் உயர்ந்தது அப்பாவின் கை. பின்னால் மற்றக் கைகளும் உயர்ந்தன. எனக்கென்றால் சரியான புளுகம், துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. இவ்வளவு நாளும் மாமாவோடு முகம் கொடுத்துக் கதைக்காத அப்பா, கடைசியில் மாமாவுக்காகக் கை உயர்த்திவிட்டார்! நானும் உயர்த்தினேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைத் தேடினார். அவருக்கு வடிவாகத் தெரியட்டும் என்று நான் கதிரையில் ஏறி நின்று, கையை இன்னும் உயர்த்தினேன்.